கைதி காட்டிய ஆள்

காலை வெயில் கோயில் படிகளில் பாதி ஏறியிருந்தபோது நீதிபதி எங்கள் இருவரையும் கைதியின் முன் நிறுத்தினார். ஒரு போர்க்கைதிக்கு இருவர் உரிமை கோரினால், கைதி சொல்வதே முடிவு. எங்கள் வழக்கப்படி, பிடித்தவன் கைதிக்கு அப்பா. நாளை கைதியைப் பலிக்கு அழைத்துப் போகிறவனும் அந்த அப்பாவே.

எனக்கு இது நான்காவது போர். தனியாக ஒருவனையாவது பிடிக்காதவன் பின்னங்குடுமியை வெட்டக் கூடாது. என்னுடையது முதுகு வரை தொங்கியது. எனக்குப் போட்டியாக நின்ற தேக்பால் ஏற்கெனவே மூன்று பேரைப் பிடித்தவர்.

"குடுமி இன்னைக்காவது போகுமா, இல்ல பின்னல் போட்டுவிடவா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

கைதி தயங்காமல் தேக்பாலைக் காட்டினான். "இவர்தான் என் அப்பா."

அவனை அடித்து மண்ணில் சாய்த்தவன் நான். தேக்பால் கட்டுவதற்குக் கயிறு கொண்டுவந்தார், அவ்வளவுதான். நீதிபதி எழுந்து போய்விட்டார்.

கைதிகளை அடைக்கும் கூண்டருகே அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"நாளைக்குச் சாகப்போறேன் தம்பி. ஒரு குடுமிக்காரப் பயகிட்ட மாட்டுனேன்னு எங்க ஊருக்குச் சேதி போகணுமா?"

"எல்லாரும் இப்படியே சொன்னா, நான் இத எப்பத்தான்டா வெட்டுறது?"