கேஸ் போச்சா?

"கேஸ் போச்சாம்மா?"

நர்ஸ் கேட்டதும் தேவயானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இதே கேள்வி. புருஷனுக்குக் குடல் ஆபரேஷன் முடிந்து மூன்று நாளாகிறது. காற்றுப் பிரிந்தால்தான் வாயில் தண்ணீரே விடலாம். இன்றைக்குள் பிரியாவிட்டால் மறுபடியும் வயிற்றைத் திறக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் காற்று என்றே கேட்டுத் தொலைத்தால் என்ன? முதல் நாள் நர்ஸ் கேட்டபோது, "இன்னும் தீர்ப்பு வரலம்மா" என்று இவள் சொல்லப்போய் வார்டே சிரித்தது. இவள் என்ன கண்டாள்? ஏரிக்கரை நிலத்துக்காக உத்திரமேரூர் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் இவளுக்குத் தெரிந்த கேஸ்.

"இன்னும் போவல" என்றாள். கட்டிலில் புருஷோத்தமன் வயிறு உப்பி, உதடு காய்ந்து, மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தான்.

போன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்முலு.

"யக்கா, கேஸு வந்துச்சி. வூடு பூட்டிக் கீதுன்னு திருப்பி எடுத்துக்கினு பூட்டான்."

"எந்த கேஸுடி?"

"சிலிண்டருக்கா! வேற இன்னா கேஸு?"

"அதத்தாண்டி நானும் எல்லாரையும் கேட்டுக்கினு கீறேன்!" போனை வைத்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் தன் அப்பாவுக்குத் துணையிருந்த டேனியல் இதைக் கேட்டுச் சிரித்தான். மாகறலில் இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவன். கேட்காவிட்டாலும் சொல்லிக்கொடுக்கிற வியாதி அவனுக்கு.

"ரெண்டும் வேற வேற வார்த்தைக்கா. நம்ம வாய்ல தான் ஒன்னாப் பூடுச்சி. கோர்ட்டு கேஸு லத்தீன்லேர்ந்து வந்தது. விழறதுன்னு அர்த்தம். நம்ம தல மேல வந்து விழுதே, அது. வயித்து கேஸு, சிலிண்டர் கேஸு ரெண்டும் ஒன்னு. கிரேக்கத்துல பெருங்குழப்பத்துக்கு ஒரு வார்த்த கீது, அத வெச்சி ஒருத்தர் உண்டாக்கினது. சூட்கேஸுல வர்றது இன்னொன்னு. அது பெட்டி."

"போலீசுல பெட்டி கேஸுன்றாங்களே, அதுவா?"

"இல்லக்கா, அந்தப் பெட்டி வேற. இங்கிலீஷ்ல பெட்டின்னா சின்ன..."

"நைனா, உனக்குப் புண்ணியமாப் போவும், வுட்ரு. ஒரே பேஜாரு!"

விழுவது, குழப்பம், பெட்டி. எல்லாம் தன் வீட்டில்தான் குடித்தனம் நடத்துகின்றன போலிருக்கிறது. வெள்ளைக்காரன் போகும்போது இந்த ஒரு வார்த்தையையாவது சுருட்டிக்கொண்டு போயிருக்கக்கூடாதா?

மறுபடி போன். இந்தத் தடவை வக்கீல். எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

"அம்மா, கேஸ் போயிடுச்சும்மா. நிலம் அவங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. அப்பீல் பண்ணிப் பார்க்கலாம்."

எந்தக் கேஸ் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். மயக்க மருந்து கொடுக்கப்போகிற நேரத்தில்கூட, "வக்கீலுக்கு போன் பண்ணியா?" என்று கேட்ட மனுஷன் அவன். இந்த வயிற்றோடு இதை எப்படித் தாங்குவான்? வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்து, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், போர்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம். சின்னச் சத்தமா அது! நான்கு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். புருஷோத்தமன் கண்ணை மூடி, "அப்பாடா" என்றான்.

நர்ஸ் ஓடிவந்தாள். "கேஸ் போச்சா?"

"போயிடுச்சி" என்றாள் தேவயானி. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அடக்கிவைத்த அழுகையும் கூடவே வந்துவிட்டது. "போயிடுச்சிம்மா... எல்லாம் போயிடுச்சி..."

"நல்லது நடந்திருக்கு, இதுக்குப் போய் அழறீங்களே!" நர்ஸ் சிரித்தாள். டேனியல் சிரித்தான். வார்டே சிரித்தது.

புருஷோத்தமன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"எந்த கேஸு?" என்றான்.

"ரெண்டுந்தான்யா."