லாயிட் நின்ற இடத்து மண்

குளோரியாக்கா கையில் சாக்கோடு வந்து நின்றபோது ஆம்ப்ரோஸ் குழிக்குள் இருந்தான். காக்ஸ் டவுனில் மூடிப்போன பெட்ரோல் பங்க் அது. தரைக்கடியில் கிடந்த டேங்குகளைப் போன வாரம் கிரேன் வைத்துத் தூக்கிவிட்டார்கள். டேங்க் கசிந்து மண் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஆம்ப்ரோஸின் வேலை. குழியின் அடியிலும் சுவரிலும் மண் எடுத்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். தோண்டிப் போட்டதில் நல்ல மண் ஒரு குவியல், பெட்ரோல் குடித்த மண் ஒரு குவியல். கெட்டது லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே அதற்கென்றே இருக்கும் கிடங்கில் போய்ப் புதையும்.

எது எந்தக் குவியல் என்று ஜேசிபி ஓட்டும் நாகேஷ் அவனைத்தான் கேட்பான். ஆம்ப்ரோஸ் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுக் கையைக் காட்டுவான். பல வருடப் பழக்கம். ஆனால் அந்த மூக்கு கொரோனாவோடு போய்விட்டது. அதே வாரத்தில் மனைவி ஆஞ்சலாவும் போனாள். மூக்கு போன விஷயத்தை ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் சைட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சைட்டும் இல்லையென்றால் நாள் முழுக்க அவனோடு பேச ஓர் ஆள் கிடையாது. அதனால் முகர்வதுபோல் பாவனை செய்துகொண்டே, பெட்ரோல் ஆவியை அளந்து காட்டும் மீட்டரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். சினிமாவுக்குப் போயிருக்கலாம், அப்படியொரு நடிப்பு. வீட்டில் குழம்பு அடிபிடித்தால் புகை கிளம்பிய பிறகுதான் தெரியும். தெரிந்தென்ன, அதையேதான் சாப்பிடுவான்.

"தம்பி, ஒரு சாக்கு மண்ணு குடுப்பா. இன்னிக்குக் கல்லறைத் திருநாளு. மழையில எங்க வீட்டுக்காரரு லாயிட் கல்லற மேடு எறங்கிப்போச்சு, புது மண்ணு போடணும்."

"செம்மண்ணு வெளிய கெடைக்குமேக்கா?"

"அவரு காலம்பூரா இங்கதான நின்னு பெட்ரோல் போட்டாரு. அவரு நின்ன எடத்து மண்ணு வேணும் எனக்கு."

நல்ல மண்தானே, திரும்பக் குழியில்தானே போடப்போகிறோம் என்று நினைத்துக் குழியிலிருந்து ஏறி வந்தான். மீட்டர் தள்ளி ஐஸ் பெட்டிமேல் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் தேடிப் போக வெட்கம். ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "நல்ல மண்ணுக்கா" என்றான். இரண்டு குவியலும் முட்டிக்கொண்டிருந்த ஓரத்திலிருந்து சாக்கை நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, ஆட்டோவிலும் ஏற்றிவிட்டான்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. ஆஞ்சலாவுக்குச் சாமந்தி வைத்துவிட்டுத் திரும்பும்போது, குளோரியாக்கா நெருப்புப்பெட்டியைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கொளுத்தலியாக்கா?"

"எப்பிடிக் கொளுத்தறது? பெட்ரோல் வாசனை ஆள அடிக்குது. உனுக்கு வரல?"

இரண்டு குவியலும் முட்டிய ஓரம் ஆம்ப்ரோஸுக்கு நினைவு வந்தது. லேசாக வருகிறது என்று சொல்லிச் சமாளிக்கலாம். பக்கத்துக் கல்லறையில் வரிசையாக வர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன.

"எனக்கு எந்த வாசனையும் தெரியாதுக்கா. ஆஞ்சலா போனதுலேர்ந்தே." ஒருவரிடம் இதைச் சொல்வது முதல் தடவை. "தப்பு என்னோடது. அள்ளிடறேன். இந்த மண்ணு இங்க இருக்கக் கூடாதுக்கா, லாரியில போவணும்."

அவள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

காலிச் சாக்கு அங்கேயே கிடந்தது. மண்டியிட்டு வாரத் தொடங்கினான். புது மண்ணும் பழைய மண்ணும் ஒரே சிவப்பு. எதோடு நிறுத்துவதென்று தெரியவில்லை.

"நீங்கதான் மோந்து சொல்லணும்க்கா."

நீட்டிய கையில் அவள் குனிந்தாள். "வருது." சாக்கில் போட்டான். அடுத்த பிடி. "வருது." அதற்கடுத்த பிடியில் குனிந்தவள் நிமிரவில்லை.

"டூட்டி முடிச்சு வந்து சட்டயக் கழட்டிப் போடுவாரு பாரு, அதே வாசனைப்பா. எத்தினி சோப்பு போட்டாலும் போவாது. கிட்ட வராதய்யான்னு வெரட்டுவேன்."

அவன் கையை நீட்டியபடியே இருந்தான். அவளுடைய மூச்சு உள்ளங்கையில் சூடாகப் பட்டது.

"வருதாக்கா?"

"இல்ல. வரல. போதும், நிறுத்திக்கோ."

சாக்கு கால்வாசிகூட நிறையவில்லை, மேடு அப்படியே இருந்தது.

"அப்போ வர்த்தி ஏத்துங்கக்கா."

குளோரியாக்கா நெருப்புப்பெட்டியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஆம்ப்ரோஸ் கையிலிருந்த மண்ணைச் சாக்கிலும் போடவில்லை, மேட்டிலும் போடவில்லை. சுற்றிலும் எல்லாக் கல்லறைகளிலும் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. இருட்டாக இருந்த அந்த ஒரு மேட்டின் இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.