வயித்துவலிக்காரன்

செபாஸ்டியன் அதை முதலில் கண்டுகொண்டது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில். சாக்குப் படுதா கட்டிய மறைப்புக்குள் நின்று சோப்புப் போடும்போது கையில் தட்டுப்பட்டது. இடது விரையில், புளியங்கொட்டை அளவு, கல் மாதிரி. அழுத்திப் பார்த்தான். வலிக்கவில்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்படிக்கிற ஹாம்மர் ஷாப்பில் பழுத்த இரும்பை இடுக்கியில் பிடித்து நிற்கிறவனுக்கு, வலிக்காத எதுவும் வியாதியில்லை.

ஆனாலும் பயம் வந்துவிட்டது. யாரிடம் சொல்வது? நெமிலிச்சேரியில் அவனுக்கு ஒரே அறை வீடு. ஹில்டா, இரண்டு பெண் குழந்தைகள், மாமியார் சாராள், அவன். ஒருவர் துணி மாற்றினால் மற்ற நான்கு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். சாராள் வேறு, மூணாவது ஆண்பிள்ளையாகப் பிறக்க வேண்டும் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, மாதாமாதம் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே கத்தி பட்டது என்று தெரிந்தால் போதும், மருமகன் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டான் என்று கோயில் வரைக்கும் போய்விடும். பக்கத்துத் தெரு அந்தோணிராஜ் குடல்வாலை எடுத்துக்கொண்டு வந்ததற்கே, "இன்னா மாமே, வாளி குடுத்தாங்களா?" என்று ஒரு வருஷம் கேட்டார்கள். அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முகாமில் பிளாஸ்டிக் வாளி கொடுத்த காலம் அது.

ரகசியமாகச் சொல்லலாம் என்றாலும் முடியாது. ஹாம்மர் ஷாப்காரனுக்கு மெல்லப் பேச வராது. நாளெல்லாம் இடி விழுந்து காது பாதி செத்திருக்கும். அவன் குசுகுசு என்று பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

டிஸ்பென்சரிக்குப் போகத்தான் செய்தான். அங்கே லேடி டாக்டர். மேஜை வரைக்கும் கியூ முட்டிக்கொண்டு நிற்கும். "என்னப்பா?" என்று கேட்டபோது வாயில் வந்தது, "வயித்துவலிம்மா." பாட்டிலை நீட்டினால் கம்பவுண்டர் ரோஸ் நிற மிக்சரை ஊற்றிக்கொடுத்தார். அடுத்த மாதமும் போனான். அதற்கடுத்த மாதமும். கம்பவுண்டர் அவனுக்கு வயித்துவலி என்றே பேர் வைத்துவிட்டார். மிக்சரை ஒரு நாள் விடாமல் குடித்தான். கட்டி எலுமிச்சம்பழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரவில் ஹில்டா பக்கம் வந்தால் முதுகைக் காட்டிப் படுத்தான். "எம்மேல இன்னா கோவம்?" என்று அவள் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஷாப்பில் ஒரே ஆறுதல் துலுக்கானம். அயப்பாக்கத்துக்காரர், வயதில் மூத்தவர். அவருக்கு ஓதம். விரை தேங்காய் அளவுக்கு வீங்கித் தொங்கும். காலை அகட்டி அகட்டி நடப்பார், அதில் வெட்கமே கிடையாது. "இது வலிக்குமா அண்ணாத்தே?" என்று ஒருநாள் சும்மா கேட்பதுபோல் கேட்டான். "இன்னாத்துக்கு வலிக்கும்? பாஞ்சு வருஷமா தூக்கிகினு திரியிறேன். ஒண்ணியும் ஆவாது" என்றார். நம்முடையதும் அதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஆவணி நடுவில் கம்பெனி ஒரு டாக்டரை அழைத்துவந்தது. சின்னப் பையன் மாதிரி இருந்தார். கேன்டீனில் நின்று பிரஷர், சுகர், பீடி என்று பேசியவர், குரலைத் தாழ்த்தாமல் ஆண்களுக்கு வரும் வீக்கத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். பெஞ்சுகளில் இளிப்பு கிளம்பியது.

"சிரிங்க, பரவாயில்ல. தண்ணி கோத்த வீக்கம்னா பின்னாடி டார்ச் வச்சா வெளிச்சம் இந்தப் பக்கம் வரும். கட்டியா இருந்தா வராது. சந்தேகம் இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

உள்ளே என்றால், சோற்றுக்கு நிற்கும் கியூவுக்கு நேர் எதிரே ஒரு பச்சைத் திரை. செபாஸ்டியன் எழுந்துவிட்டான். இரண்டடி நடந்தும்விட்டான்.

"இன்னா செபா, உனுக்குமாடா?" என்றார் துலுக்கானம். கேன்டீனே சிரித்தது.

அவன் அப்படியே திரும்பித் தண்ணீர்க் குழாயைத் திறந்து, தாகமில்லாமல் குடித்தான். திரைக்குள் ஒருவரும் போகவில்லை. டாக்டர் வெறும் கையோடு ஜீப்பில் ஏறினார்.

சாப்பாடு முடிந்ததும் துலுக்கானம் அவன் தோளில் கை போட்டார். "வாடா, நம்பளுது எரியுதா பாக்கலாம்."

ஜன்னலில்லாத ஸ்டோர் ரூம். எண்ணெய் டின்களுக்கு நடுவே நின்று அவர் வேட்டியைத் தூக்க, ஹாம்மர் குழி பார்க்கிற டார்ச்சைச் செபாஸ்டியன் பின்னால் பிடித்தான். தோல் முழுக்கச் செக்கச்செவேல் என்று பிரகாசித்தது, உள்ளே ஒரு நரம்பு ஓடுவதுகூடத் தெரிந்தது.

"பாத்தியா! பெட்ரோமாக்ஸ் லைட்டுடா இது. கரண்டு போனா எங்க ஊட்ல இதான்."

செபாஸ்டியன் சிரிக்கவில்லை. டார்ச்சை அவர் கையில் கொடுத்தான். "அண்ணாத்தே, எனுக்கும் அடி."

"வெளயாடாத."

அவன் பேன்ட் பொத்தானைக் கழற்றினான். துலுக்கானம் குனிந்து டார்ச்சைப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு சிவப்பு. நடுவில் கறுப்பு. டார்ச்சை உள்ளங்கையில் தட்டினார். "பேட்டரி போச்சு போல" என்று சொல்லிச் சுவரில் அடித்தார். சுவரில் தட்டு அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. மறுபடி இங்கே வைத்தார். கறுப்பு.

வெளியே ஹாம்மர் விழ, டின்களெல்லாம் நடுங்கின.

"எத்தினி நாளாடா?"

"நீதான ஒண்ணியும் ஆவாதுன்ன?"

துலுக்கானம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நாளிக்கி டிஸ்பென்சரி. நானும் கூட வரேன்."

மறுநாள் கியூவில் செபாஸ்டியனுக்குப் பின்னால் ஜெயகுமாரி நின்றாள், இடுப்பில் இருமுகிற குழந்தையோடு. எதிர்வீட்டுக்காரி. தெரிந்தவர்கள் பார்க்கட்டும் என்றே காலி மிக்சர் பாட்டிலைக் கையில் கொண்டுவந்திருந்தான்.

லேடி டாக்டர் நிமிரவில்லை. "வயித்துவலிதானே?" பேனா அதற்குள் எழுதியே விட்டது. சீட்டைக் கிழித்து நீட்டினார். கம்பவுண்டர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சீட்டையும் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார். எல்லாம் தானாக நடந்தது. வாசலுக்குத் திரும்பினான். வாசலை அடைத்துக்கொண்டு, காலை அகட்டி, துலுக்கானம் நின்றிருந்தார். நகரவில்லை. பின்னால் மேஜை, முன்னால் அவர், பக்கத்தில் ஜெயகுமாரி. மேஜைக்குத் திரும்பிக் குனிந்து, முடிந்த அளவு மெல்லச் சொன்னான்.

"வயித்துல இல்லம்மா. வெரையில கட்டி கீது."

டிஸ்பென்சரி மொத்தமும் கேட்டது. குழந்தைகூட இருமலை நிறுத்தியது.

டாக்டர் அவனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். தொட்டுப் பார்த்தார். வயிற்றையும் அங்கங்கே ஆழமாக அழுத்தினார்.

"எத்தனை மாசம்?"

"தபசு காலத்துலேர்ந்துமா."

"மாசமா சொல்லுப்பா."

குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டர், அந்தோணியார் திருநாள் என்று விரல் மடக்கினான். இப்போது கோயிலில் மாதா திருநாள் கொடியும் ஏற்றிவிட்டார்கள். "ஆறு" என்றான்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டவில்லை. கை கழுவப் போனவர் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு கடிதம் எழுதினார். "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாத."

"எடுத்துட்டா சரியா பூடுமாம்மா?"

"எடுக்கணும்" என்றார். அவன் கேட்டது அதுவல்ல.

வெளியே வந்தபோது கியூ வழிவிட்டது. ஜெயகுமாரிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னாண்ணே, வாளி எங்க?" இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நேரா எங்க ஊட்டாண்ட போ" என்றான் செபாஸ்டியன். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. "ஆபரேஷன்தான்னு சொல்லு. எங்க மாமியார் கத்தட்டும். ஹில்டாவ பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. ஆறு மாசமா கட்டிய வச்சிகினு இருந்தான்னு சொல்லு."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெயகுமாரி குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"யோவ் வயித்துவலி! மருந்த உட்டுட்டுப் போறியே" என்று கம்பவுண்டர் கூப்பிட்டார். பாட்டில் நிறைய ரோஸ் மிக்சர். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டான்.

துலுக்கானம் சைக்கிளை ரயில் ஸ்டேஷனுக்கு மிதித்தார். செபாஸ்டியன் பின்சீட்டில் கடிதத்தைச் சட்டைப்பையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு கையில் மிக்சர் பாட்டில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் குலுங்கிக்கொண்டே வந்தது.