ஒன்பது மணிக்கு முன் எலும்பு கொதிக்கக் கூடாது

நகரக் கவுன்சில் கடிதத்தைக் குலசேகரம் மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் எரிச்சல்தான் வந்தது. கடைக்கு மேலே நாலாம் இலக்க வீட்டிலிருந்து முறைப்பாடு போயிருக்கிறது. விடியற்காலையில் மணம் தாங்க முடியவில்லையாம். ஆகவே இரவு கடை பூட்டியதிலிருந்து காலை ஒன்பது மணி வரை எலும்பு கொதிக்க வைக்கக் கூடாதாம்.

அந்த ஜப்பானிய நூடில்ஸ் கடை திறந்து நாற்பது வருடம். அதில் இருபத்திரண்டு வருடமாக அடுப்படி குலசேகரத்தின் பொறுப்பு. ஈஸ்ட் ஹாமில் முதல் ரயிலைப் பிடித்து வந்து, ஆறு மணிக்கெல்லாம் பன்றி எலும்பைப் பானையில் போட்டுவிடுவார். ஆறு மணி நேரமாவது கொதித்தால்தான் ராமென் என்ற நூடில்ஸுக்கான சூப் பால்போல் வெளுத்து உதட்டில் ஒட்டும். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு.

கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தார். முதல் நாளே காய்ச்சி வைக்கலாமே என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக. கடை நடக்கும்போது நாலு அடுப்பும் ஓய்வதில்லை என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கடை பூட்டிய பிறகு காய்ச்சவும் கடிதம் இடம் கொடுக்கவில்லை.

மனைவி கிரிஜாவின் பிரஷர் குக்கர்கள் இரண்டையும் பையில் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்பது மணிக்கு எலும்பைப் போட்டு விசில் மேல் விசிலாக விட்டுப் பார்த்தார். கடைக்காரி ஓகவா அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. அவர் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். பிறகு கரண்டியைக் கழுவி வைத்தார். குலசேகரத்துக்கு அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

வியாழக்கிழமை மதியம் தர்மிகா வந்தாள். வேலைக்குப் போகும் வழியில் கிழமைக்கு ஒருமுறை வந்து ராமென் சாப்பிடுகிற தமிழ்ப் பெண். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

“என்ன அண்ணை, சூப் தண்ணி மாதிரிக் கிடக்கு?”

“என்ன செய்யிறது பிள்ளை. மேல நாலாம் நம்பர் ஆரோ கவுன்சிலுக்கு எழுதிப் போட்டினம். விடிய எலும்பு காய்ச்ச ஏலாது.”

தர்மிகாவின் கரண்டி நின்றது. “அது... நான்தான் அண்ணை. போன மாசம் மேல குடிவந்தனான்.”

“நீங்களோ?”

“உடுப்பெல்லாம் மணக்குது அண்ணை. நான் மணத்தைப் பற்றித்தானே எழுதினனான்? சூப்பைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே.”

“அந்த மணந்தான் பிள்ளை இந்தச் சூப்!”

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். தர்மிகாவின் முகம் சிவந்துவிட்டது. முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்று அங்கேயே போனை எடுத்து எழுதி அனுப்பினாள். அன்று பின்னேரம் முழுக்கக் குலசேகரம் ஒரு சின்ன நிம்மதியோடு வேலை செய்தார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. திறந்த கோப்பை முறையிட்டவர் கேட்டதற்காக மூட முடியாதாம். புகைபோக்கியைச் சோதிக்க ஆள் வரவேண்டும். அதற்கு ஆறு கிழமை ஆகும். அதுவரை உத்தரவு அப்படியேதான்.

ஓகவா அம்மா அறிவிப்புப் பலகையைத் துடைத்தார். ராமென் இனி மாலையில் மட்டும். மதியத்தில் சோபா மட்டும் என்று எழுதினார். சோபா என்பது பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் நூடில்ஸ். அதற்குக் காய்ந்த மீன் சீவலில் எடுக்கும் தெளிந்த சூப் போதும், எலும்பு தேவையில்லை.

அடுத்த வியாழன் தர்மிகா பலகையைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

“பின்னேரம் எனக்கு ஷிப்ட் அண்ணை. மத்தியானம் ஒரு கோப்பை ராமென் கூட ஏலாதோ?”

“என்னட்டைக் கேக்காதேங்கோ. கவுன்சிலுக்கு எழுதுங்கோ.”

சோபாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கக் குனிந்தபோது, வாசலில் கட்டட வேலைக்காரர்கள் மூன்று பேர் பலகையை வாசித்துவிட்டுத் திரும்பிப் போவது கண்ணாடியில் தெரிந்தது.