ஏகமனதாக, ஒருவர் நீங்கலாக

பாப்டிஸ்ட் சபைகளின் சங்க அலுவலகத்தில் இருபத்தேழு வருஷம் கூட்டக் குறிப்பு எழுதியவரை எல்லோரும் மினிட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய வீட்டுக்காரரே ஆபீசுக்குப் போன் போட்டு, "மினிட்ஸ் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

அந்தச் சங்கத்தில் எதற்கெடுத்தாலும் ஓட்டு. ஜன்னல் திரை மாற்ற ஓட்டு. ஞானஸ்நானத் தொட்டிக்கு வெந்நீர் விடலாமா என்பதற்கு மூன்று கூட்டம் விவாதம், பிறகு ஓட்டு. "ஆத்துல முங்குனவங்க யாரும் ஹீட்டர் கேக்கலையே" என்றார் ஒரு போதகர். "அவங்க யாருக்கும் மூட்டுவலி இல்லையே" என்றார் இன்னொருவர். இந்த ஆட்கள் மோட்ச வாசலுக்கே போனாலும், முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் இல்லாமல் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.

இத்தனையையும் அக்கா எழுதினார், கொஞ்சம் பூசி மெழுகி. ஒருவர் மேசையைத் தட்டி "உமக்கு மூளை இருக்கா?" என்று கத்தினால், 'உறுப்பினர் விளக்கம் கோரினார்' என்று எழுதுவார். நாற்காலியைத் தள்ளிவிட்டு நாலு பேர் வெளியே போனால், 'சிறிது இடைவேளை விடப்பட்டது.' மினிட்ஸ் புத்தகத்தை மட்டும் படிப்பவர்களுக்கு, அங்கே தேவதூதர்கள்தான் கமிட்டி நடத்துகிறார்கள் என்று தோன்றும்.

அந்தப் புத்தகத்தில் குறை கண்டவர் ஒரே ஒருவர், சங்கத்தின் அச்சக மேலாளர். மினிட்ஸ் வாசித்து முடித்ததும் எழுந்து நிற்பார். பெரும்பாலும் ஒரு கமா விட்டுப்போயிருக்கும். அதனால் அவர் பெயரே கமா. அவர் "சிஸ்டர்" என்று ஆரம்பித்தால் சண்டை. அக்கா பேனாவை மூடிவிட்டு "சொல்லுங்க பிரதர்" என்றால் பெரிய சண்டை.

பிரிவு உபசாரத்தை மதியம் மூன்று மணிக்குக் கூட்ட அறையிலேயே வைத்தார்கள். பொதுச் செயலாளர் "சுருக்கமா ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். மறுபடி திறந்தபோது காபியில் ஆடை கட்டியிருந்தது. பிறகு ஆளுக்கு ஆள் அக்காவைப் புகழ்ந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே அடக்க ஆராதனை கேட்கிற மாதிரி இருந்தது அக்காவுக்கு. "பொறுமையின் சிகரம்" என்று ஒருவர் சொன்னபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரருக்குப் புரையேறியது.

கேக்கை வெட்டப் போகும்போது கமா எழுந்தார்.

"சிஸ்டர், போன கூட்டத்து மினிட்ஸ்ல ஒரு பிழை."

அறை முழுக்கப் பெருமூச்சு. "ஐயா, இன்னைக்குமா?" என்றார் பொதுச் செயலாளர்.

"இன்னைக்கு விட்டா எப்போ? சிஸ்டரோட ஓய்வு விண்ணப்பம் 'ஏகமனதாக ஏற்கப்பட்டது'ன்னு எழுதியிருக்காங்க. அது பொய். எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்னு சொன்னப்போ நான் தூக்கினேன்."

போகிற மனுஷியை ஓய்வுபெறக்கூட விடமாட்டானா இந்த ஆள் என்று எல்லோரும் அவரை முறைத்தார்கள்.

"ஏன் எதிர்த்தீங்க?" என்றார் பொதுச் செயலாளர்.

கமா தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்: "அவங்க போயிட்டா இங்க ஒழுங்கா எழுதுறவங்க யாரு இருக்கா? நான் யாரைத் திருத்துறது?"

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "சோம்பல் முறிக்கிறீங்கன்னு நினைச்சேன் பிரதர்" என்றார். அறையே சிரித்தது. திருத்தத்தை ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். அக்கா அங்கேயே புத்தகத்தை விரித்து, 'ஒருவர் எதிர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் கேக்கை வெட்டினார்கள்.

கிளம்பும்போது கமா வாசல்வரை வந்தார். வீட்டுக்காரர் ஸ்கூட்டர் எடுக்கப் போயிருந்தார்.

"உங்க கையை நான் பார்த்தேன் பிரதர்" என்றார் அக்கா. "அதை எழுதியிருந்தா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கியிருப்பேன். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கல. அதான் எழுதல."

"அப்போ தெரிஞ்சே பொய் எழுதினீங்க."

"இருபத்தேழு வருஷமா வேற என்னத்த எழுதினேன்?"

கமா சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. சட்டென்று அக்கா, "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வீட்டுக்குச் சாப்பிட வாங்க. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரர் கேட்டார்: "அந்தச் சண்டைக்காரரையா விருந்துக்குக் கூப்பிட்ட?"

"ஆமா. அன்னைக்கு ஜெபம் பண்றேன்னு நீங்க வாயைத் திறந்துடாதீங்க" என்றார் அக்கா. "ஆமென் சொல்றதுக்குள்ள ஆறு தப்பு கண்டுபிடிச்சிடுவாரு."