துண்டுக்குள் பிடித்த விலை

அப்புசாமியை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை அவர் கிளப்பிவிடவில்லை. ஆனால் யாராவது சொன்னால் வேண்டாம் என்று தடுக்கவும் மாட்டார். மாடு வாங்க நினைக்கிறவர்கள் அவரைக் கூட்டிக்கொள்ளாமல் பொள்ளாச்சிச் சந்தைக்கு பஸ் ஏறுவதில்லை. டிக்கெட் எடுத்து, சந்தையில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளை அழைப்புக் கணக்காகக் கூட்டிப்போவார்கள். அவரும் வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார். தரகு என்று காலணா வாங்கமாட்டார். பேர் ஒன்றே அவருக்குப் போதும்.

சந்தையில் மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கை கொடுத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை நூறு என்று கணக்கு. சுற்றி நிற்கிறவனுக்கு இரண்டு முகங்கள்தான் தெரியும். மூன்றாவது ஆள் அந்தத் துண்டைத் தொடக்கூடாது. தொட்டவனைச் சந்தை மன்னிக்காது.

துண்டுக்குள் அப்புசாமியின் கைக்குத் தனி மரியாதை இருந்தது. எதிராளி கையை உருவிக்கொண்டு போகப் பார்த்தால் விடமாட்டார். கட்டைவிரலை அழுத்திப் பிடித்து இன்னொரு தடவை யோசிக்க வைப்பார். அதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து வயசுக்குப் பல்லைப் பார்ப்பார், ராசிக்கு உடம்பில் சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அவர் பார்த்துவிட்டால் பணம் கொடுக்கிறவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். மாமா பார்த்தாச்சு, அண்ணன் பார்த்தாச்சு என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேருவான்.

எமர்ஜென்சி வந்த மறுவருஷம் அவர் மகள் பூவாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சர்க்கார் ஆபீஸ் கிளார்க். நகை இவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. பாரின் வாட்ச் ஒன்று மட்டும் மாப்பிள்ளை ஆசைப்படுகிறார் என்று பதவிசாகச் சொல்லிவிட்டார்கள். பதவிசாகக் கேட்கிறவர்களிடம் பேரம் பேசவும் முடியாது. அப்புசாமி பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் போய் ஒரு கடையில் விலை கேட்டார். கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தச் சுளிப்பை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். வெளுத்த சட்டை, ஒல்லி உடம்பு, தோளில் ஈரோட்டுத் துண்டு. பஸ் ஸ்டாண்டு சோடாக்கடை நிழலில் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"மொதலாளி, வாட்ச் பாக்கறீங்களாட்ட இருக்குது. கொச்சியில கப்பல்ல எறங்குன சரக்கு ஒன்னு இருக்குதுங்க."

அப்புசாமி பஸ் வருகிறதா என்று பார்த்தார். தெருவில் விற்கிறவனிடம் பேச்சுக் கொடுத்தால் வம்பு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான். மஞ்சள் முகப்பு, தங்க நிறத்தில் சங்கிலிப்பட்டை. வெயிலில் பளிச்சென்று இருந்தது.

"என்ன விலை?" என்றார், சும்மா கேட்டுவைப்போம் என்று.

"வாயில சொல்ல முடியாதுங்க. இப்ப இருக்கற கெடுபிடியில ஆராவது கேட்டாங்கன்னா உள்ள தள்ளிப்போடுவாங்க." அவன் தோளிலிருந்து துண்டை எடுத்தான். "உங்க கையப் பாத்தாலே தெரியுதுங்க, சந்தைக்குப் போற கைன்னு. இப்படிக் குடுங்க."

அங்கேதான் அப்புசாமி விழுந்தார். வாட்சைப் பார்த்து விழவில்லை. துண்டைப் பார்த்து விழுந்தார்.

அவன் நான்கு விரலைப் பிடித்தான். அவர் ஒரு விரலைத் தொட்டார். அவன் கையை உதறினான்; அவர் விடவில்லை. அவன் தலையில் அடித்துக்கொண்டான். கொஞ்சம் இறங்கினான். அவர் நகரவில்லை. அவன் கண் கலங்கிப் போனான். குழந்தைகுட்டிக்காரன் என்றான், இன்றைக்கு இன்னும் போணியே ஆகவில்லை என்றான். அப்புசாமிக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. கடைக்காரன் சொன்னதில் பாதிக்கும் பாதியில் பேரம் முடிந்தபோது, தன் கையின்மேல் அவருக்கே ஒரு பிரியம் உண்டாயிற்று. வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். டிக்டிக் என்றது. அவ்வளவுதான் அவர் பார்த்த சோதனை.

"கடைக்காரங்ககிட்டக் காமிச்சுறாதீங்க மொதலாளி. எங்க வாங்குனதுன்னு கேட்டுப் போலீசுக்கு எழுதிப்போட்டுருவானுங்க," என்று போகிறபோது புத்திமதி வேறு சொன்னான்.

வீட்டில் கமலாத்தாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குப் பல்லு கில்லு பாத்தீங்களா?"

"வாட்சுக்கு ஏது புள்ள பல்லு? மொதல்ல விலையக் கேளு."

விலையைச் சொன்னார். அவள் வாயைப் பிளப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் "ஓகோ" என்றாள், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விளக்கு வைக்கும்போது வாட்ச் நின்றது. ஆட்டினால் ஓடியது. கீழே வைத்தால் மறுபடியும் நின்றது. காலையில் எவ்வளவு ஆட்டியும் அசையவில்லை. கமலாத்தாள் பின்மூடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். திருகு எதுவும் இல்லாமல் தைல டப்பி மூடிபோலக் கழன்று வந்தது. உள்ளே ஒரு மூலையில் பொம்மை வாட்சின் மெஷின். மிச்ச இடத்தில் ஆடாமல் இருக்கச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துத் திணித்திருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புசாமிக்குப் பணம் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. அவன் கண் கலங்கியது நினைவுக்கு வந்தது. தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நானூறு சொன்னால் என்ன, நாற்பது சொன்னால் என்ன? அவனுக்கு எல்லாமே லாபம். விலையில் தன்னைக் கட்டிப்போட்டுவிட்டுச் சரக்கைப் பார்க்கவிடாமல் செய்திருக்கிறான்.

"போனது போச்சுங்க. ஊருக்குத் தெரிய வேண்டாம்," என்றாள் கமலாத்தாள்.

சினை எருமை ஒன்றை விற்று, பாலக்காட்டுக் கடையில் ரசீதோடு ஒரு வாட்ச் வாங்கி மாப்பிள்ளை கையில் கட்டினார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. எருமை ஏன் போயிற்று என்று கேட்டவர்களுக்குக் கல்யாணச் செலவு என்று பதில் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. கமலாத்தாள் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை, சண்டையில்கூட. அவள் எடுத்துச் சொல்லிக் காட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஊரில் பேர் அப்படியே இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்திருக்கிற பயம் வந்தது. ஒருத்தன் தெரிந்துகொண்டால் போதும். பஸ் ஸ்டாண்டில் பொம்மை வாட்ச் வாங்கினவர் காளைக்குப் பல் பார்க்க வருகிறாராம் என்று டீக்கடையில் வைத்துச் சிரிப்பார்கள். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

மழை விட்டபிறகு தங்கை மகன் கந்தப்பன் வந்து கூப்பிட்டான். உழவுக்கு ஒரு ஜோடி காளை வேண்டும். அவன் நல்ல உழைப்பாளி. ஆனால் மாட்டின் வாய்க்குள் எத்தனை பல் இருக்கும் என்றுகூடத் தெரிந்துகொள்ளாதவன். மாமா இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்பது அவன் கட்சி.

சந்தையில் கந்தப்பன் தெரிந்த தரகர் ஒருவரைத் தேடிப் போனான். அப்புசாமி கயிற்றுக்கடைகள் ஓரமாக நடந்தார். அங்கே அந்த வெளுத்த சட்டை நின்றுகொண்டிருந்தது.

எதிரே உடுமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தலையில் உருமாலை. இரண்டு பேர் கையும் துண்டுக்குள். வாட்ச் விற்கிறவன் சட்டைப்பையிலிருந்து சங்கிலிப்பட்டை எட்டிப் பார்த்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். பெரியவர் விடவில்லை. பெரியவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அப்புசாமிக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். சித்தூரில் அது அவர் முகத்தில் இருந்தது.

அவர் தாண்டிப் போனார். ஒரு கடையில் தலைக்கயிறு ஒன்றை எடுத்து முறுக்கிப் பார்த்தார். கடைக்காரன் விலை சொன்னது காதில் விழவில்லை. தூரத்தில் கந்தப்பன் தரகரோடு வருவது தெரிந்தது. நல்லது, இப்படியே போய்விடலாம் என்று மனசு சொன்னது. அந்தப் பெரியவர் யாரோ, எவரோ. அவர் வீட்டிலும் விற்பதற்கு ஒரு எருமை இருக்கும்.

கயிற்றைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். துண்டைப் பிடித்து இழுத்தார்.

துண்டு கையோடு வந்துவிட்டது. இரண்டு கைகளும் பட்டப்பகலில் வெளியே நின்றன. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஆருய்யா நீ? துண்ட உருவறயே, சந்தைக்குப் புதுசா?" பெரியவருக்குக் கோபத்தில் குரல் நடுங்கியது. முடியப்போகிற பேரம் அது.

"வாங்காதீங்க. அது டூப்ளிகேட்டுங்க."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றான் வாட்ச்காரன். அவன் பயப்படவே இல்லை. அப்புசாமியை அவனுக்கு அடையாளம் தெரிந்ததோ என்னவோ, இலேசாகச் சிரித்தான். "எங்கிட்ட வாங்கியிருக்கறீங்களா? சொல்லுங்க, நாலு பேரு கேக்கட்டும்."

கூட்டம் கூடிவிட்டது. துண்டை உருவின ஆள் யார் என்று பார்க்கத் தரகர்கள் வந்தார்கள். கந்தப்பனும் வந்து முன்னால் நின்றான்.

"எங்கூர்க்காரரு ஒருத்தரு வாங்கி ஏமாந்தாருங்க," என்றார் அப்புசாமி.

"ஆரு மாமா? நம்மூருலயா?" கந்தப்பன் வெள்ளந்தியாகக் கேட்டான்.

அப்புசாமி அவன் முகத்தைப் பார்த்தார். வாட்ச்காரன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்துதான் அவன் ஊர் ஊராகப் பிழைக்கிறான் என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

"நாந்தான்," என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார். "நாந்தானுங்க. சித்தூரு பஸ் ஸ்டாண்டுல. இதே துண்டுக்குள்ள கைய விட்டு, விலையக் கொறச்சுப்போட்டன்னு நெனச்சுட்டு வாங்குனனுங்க. பெரியவரே, அத வாங்கிப் பின்னால நகத்தக் குடுத்து நெம்புங்க. மூடி கழண்டு வரும். உள்ள சிகரெட் தாளு இருக்கும்."

பெரியவர் கை நீட்டினார். வாட்ச்காரன் கொடுக்கவில்லை, ஒரு தரகர் அவன் பையிலிருந்து உருவிக் கொடுத்தார். மூடி கழன்றது. வெள்ளித்தாள் மண்ணில் விழுந்தது. எல்லாரும் குனிந்து அதைப் பார்த்த நேரத்தில் வாட்ச்காரன் மாடுகளுக்கு நடுவில் புகுந்து போய்விட்டான். அவன் துண்டு அப்புசாமி கையிலேயே இருந்தது.

பெரியவர் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. "கெட்ட நேரம்," என்று முனகிக்கொண்டு போனார். கூட்டத்தில் யாரோ, "இவரா? கொழிஞ்சாம்பாறை அப்புசாமியா?" என்று கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். கந்தப்பன் தரகரோடு நடந்துவிட்டான்.

அப்புசாமி புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். முடிந்தது என்று தோன்றியது. அதோடு, மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கியதும் உண்மை. இரண்டும் சேர்ந்ததில் அவருக்குப் பசி எடுத்தது. சாப்பாடு வாங்கிக்கொடுக்க இன்றைக்கு ஆள் இல்லை.

வெயில் தாழ்ந்தபோது கந்தப்பன் இரண்டு மயிலைக் காளைகளோடும் தரகரோடும் வந்து நின்றான். அவன் விரலெல்லாம் மாட்டு எச்சில்.

"மாமா, எந்திரிங்க. நானே வாயத் தொறந்து பாத்தனுங்க. ரெண்டும் நாலு பல்லு. சுழி என்னன்னு அங்க நாலு பேருகிட்டக் கேட்டுப் பாத்துப்போட்டன். நடக்கவும் உட்டுப் பாத்தாச்சு." கொஞ்சம் தயங்கினான். "விலைய மட்டும் நீங்க புடிச்சுக் குடுங்க."

அப்புசாமி நிமிர்ந்து அவன் விரல்களைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரைக் கூட்டிவந்த ஒருத்தன் மாட்டின் வாயைத் தானே திறந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. சம்பாதித்த பேரில் பாதி போயிற்று. பாதியை அவன் திருப்பிக் கொடுக்கிறான். போன பாதி இனித் திரும்பாது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

விற்கிறவருக்காகத் தரகர் துண்டை விரித்துக் கையை நீட்டினார். அப்புசாமி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. எழுந்துபோய் முதல் காளையின் வாயைத் திறந்தார்.

"அதுதான் உங்க மருமகன் பாத்துட்டாரேங்க," என்றார் தரகர், முகம் கோணி.

"பாக்கட்டுமுங்க," என்றான் கந்தப்பன்.