நீல டிரெய்லரும் இரண்டு சகலைகளும்

மருந்துக்கடைக்காரர் அன்று விடிந்ததிலிருந்தே வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார். வீட்டின் பின்புறம் நிற்கும் படகு டிரெய்லர் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதற்காகச் சகலை சுத்தியலோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், பஸ் ஓட்டுகிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. படகு இரண்டு பேருக்கும் பொது. ஞாயிறு காலையில் டிரெய்லரை வேனில் மாட்டிக் கடற்கரைக்கு இழுத்துப் போவார்கள். சரிவில் பின்னுக்குத் தள்ளித் தண்ணீரில் முக்கிப் படகை இறக்கிவிட்டு மதியம் வரை கடலில் கிடப்பார்கள். எவ்வளவு மீன் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை.

வாரம் முழுக்கக் கடையில் நின்று ஊராருடைய இருமலையும் வயிற்றுப்போக்கையும் காதுகொடுத்துக் கேட்கிற மனுஷனுக்கு, ஒரு நாளாவது தன்னைக் கிண்டல் செய்ய ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் சகலைதான். சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு நாதி கிடையாது. இதைச் சகலையிடம் அவர் சொன்னதே இல்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்று பயம்.

அப்படியிருக்க, போன மழைக்காலத்தில் ஒருநாள் படகைக் கட்டும்போது சகலை பேச்சுவாக்கில் கேட்டார். "இந்த டிரெய்லர் போச்சுன்னா படகையும் வித்துட வேண்டியதுதான், இல்ல சகலை?"

மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது "ம்" மட்டும்.

அன்றிலிருந்து டிரெய்லருக்கு ராஜ வைத்தியம் நடந்தது. துரு தெரிந்த இடத்தையெல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். மேலே ப்ரைமர், அதற்கும் மேலே நீலப் பெயிண்ட், அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஒருநாள் அடியில் படுத்துப் பூசும்போது, சட்டத்தின் சதுரக் குழாய்களின் கீழ்ப்பக்கத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். உப்புத் தண்ணீர் உள்ளே போகிற வழி இதுதான் என்று அவருக்குப் பட்டது. கடையிலிருந்து ரப்பர் மூடிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் திணித்து, அடையாளமே தெரியாமல் பெயிண்ட் அடித்தார். அந்த வேலையில் அவருக்கு ரொம்பப் பெருமை.

சொன்னபடி சகலை வந்துவிட்டார்.

"என்ன சகலை, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு வெச்சிருக்கீங்க?"

"பெயிண்ட் இன்னும் காயல. கைய வெக்காதீங்க."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

சுத்தியல் முன்பக்கத்தில் இறங்கியது. டங் என்று கேட்டது. மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சகலை நடுச்சட்டத்துக்கு நகர்ந்தார். மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"அங்க வேணாம், இந்தப் பக்கம் தட்டுங்க."

துணி காயப்போட வந்த அவர் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவரு தட்டட்டும் விடுங்க. எதுக்குக் குறுக்கக் குறுக்கப் போறீங்க?"

அவர் நகர்ந்தார். வேறு வழி? சகலை ஒரே தட்டுத்தான் தட்டினார். பொத் என்று சுத்தியல் இரும்புக்குள் போய் மாட்டிக்கொண்டது. உருவியதும் அந்த ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் கொட்டி அவர் செருப்பை நனைத்தது. நிற்கிற வழியைக் காணோம்.

"உள்ள கெணறே இருக்கு சகலை" என்றார்.

குனிந்து அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் பெயிண்டைச் சுரண்டினார். ஒரு ரப்பர் மூடி உருண்டு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஊசிமருந்து பாட்டில் மூடியில்ல?"

"எலி எங்கயாச்சும் இழுத்துட்டு வந்திருக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர். மனைவி இடுப்பில் கை வைத்ததும் குரல் இறங்கியது. "நான்தான் அடைச்சேன். தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு."

"பூந்தொட்டிக்கு அடியில ஓட்டை எதுக்கு வெக்கிறாங்க?" என்றாள் அவள். "தண்ணியில முக்குற வண்டி, எந்த இடுக்குலயாவது தண்ணி போகத்தான் செய்யும். அது வெளிய வர்ற வழிய அடைச்சுட்டீங்க. உள்ளயே நின்னு ஊறினா இரும்பு துருப்பிடிக்காம என்ன செய்யும்?"

மருந்துக்கடைக்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தன் கையாலேயே டிரெய்லரைக் கொன்றாகிவிட்டது. இனிப் படகு இல்லை, ஞாயிறு இல்லை. சகலை வறுத்தெடுக்கப் போகிறார் என்று காத்திருந்தார். ஆனால் சகலையோ டிரெய்லருக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. கால் இரண்டும் மட்டும் தெரிந்தன.

சந்தேகம் வந்து மருந்துக்கடைக்காரரும் குனிந்தார். பின்பக்கத்தில் அவர் எதையும் அடைக்கவில்லை. அங்கே ஓட்டையே இல்லை என்றுதான் நினைத்திருந்தார். இப்போது சுரண்டிப் பார்த்தால் கறுப்பாக ஒன்று பிதுங்கி வந்தது. பஸ் கண்ணாடியைச் சுற்றி வைக்கிற ரப்பர், அளவாக நறுக்கியது.

"சகலை."

"ம்."

"இது எந்த எலி?"

"கொஞ்சம் பெரிய எலி" என்றது அடியிலிருந்து குரல்.

"அன்னிக்கு இவரு கடைக்குப் போனப்புறம் படகைக் கழுவ வந்தேன்னு சொன்னீங்களே, அதுவா?" என்றாள் மனைவி.

சகலை தலையெல்லாம் துருவோடு தவழ்ந்து வெளியே வந்தார். "பின்ன என்ன செய்யறது? டிரெய்லர் போச்சுன்னா படகை வித்துடலாம்னு இருந்தீங்க."

"நானா?"

"நான் கேட்டப்ப 'ம்'னீங்களே."

"நீங்க கேட்டீங்க, அதனால 'ம்'னேன்."

"நீங்க வேணாம்பீங்கன்னுதானே கேட்டேன்."

மனைவி ஈரத்துணியை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் அசடு வழிய.

சிரித்தால் துரு போய்விடுமா? பட்டறைக்காரர் வந்து பார்த்தார். சக்கரமும் அச்சும் தேறும், சட்டம் முழுக்கப் புதிதாக அடிக்க வேண்டும், கையில் ஏகப்பட்ட வேலை இருப்பதால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்றார். படகைத் தூக்கிப் பழைய டயர்களின் மேல் வைத்துவிட்டு டிரெய்லரை இழுத்துப் போனார். சகலையும் "வரேன்" என்று கிளம்பினார். ஞாயிறைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரம் கடையில் மருந்துக்கடைக்காரருக்குப் புத்தி நிலைகொள்ளவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்குத் தலைவலித் தைலத்தை எடுத்து நீட்டினார். படகை விற்கப் போவதில்லை, அது வரைக்கும் சந்தோஷம். ஆனால் டிரெய்லரே இல்லாதபோது சகலைக்கு இங்கே என்ன வேலை?

ஞாயிறன்று வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்தது. முகச்சவரம் செய்துகொண்டு வாசலில் போய் நின்றார்.

"யாரைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"பேப்பர் வந்துதான்னு பார்க்கறேன்."

"பேப்பர் உங்க கையிலதான் இருக்கு."

அப்போது தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. சகலை தொப்பி, தூண்டில், ஃபிளாஸ்க் சகிதமாக இறங்கினார். பின்னால் மைத்துனியும் இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு அக்காவைத் தேடி உள்ளே போனாள்.

"டிரெய்லர் இல்லையே சகலை" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது எனக்குத் தெரியாதா? ஏணி எங்க இருக்கு?"

ஏணி வைத்து இருவரும் படகில் ஏறினார்கள். ஒரு பக்கம் மதில், மறு பக்கம் கொடியில் காய்கிற போர்வைகள். சகலை ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததை மருந்துக்கடைக்காரர் அப்போது சொன்னார்.

"எனக்குக் கடலும் வேணாம், மீனும் வேணாம் சகலை. நீங்க வந்தா போதும்."

சகலை தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், மதிலைப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க" என்றார் கடைசியில். "படகு சாயுது."

மருந்துக்கடைக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.